தாலாட்டு மட்டும் போதுமா?

போர் கண்ட குழந்தைகளை இசை தேற்றும் என்பதில் நமக்கு ஐயமில்லை. 1996இல் மட்டக்களப்பில் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்காவில் பாட்டும் கதையும் கூத்துமே மருந்தாயின. அதே மருந்தைத் திருப்பூர் மாவட்டத்து ஈழத்தமிழர் முகாம்களுக்கும் பரிந்துரைப்போரிடம் நாம் கேட்கிறோம்: எந்தக் காயத்துக்கு? இங்குள்ள சிறார் குண்டுச்சத்தம் கேட்டவர்கள் அல்லர், முகாமிலேயே பிறந்தவர்கள். 2021இல் அகதி முகாம் ‘மறுவாழ்வு முகாம்’ ஆனது. புதிய வீடுகளும் அறிவிக்கப்பட்டன. குடியுரிமை மட்டும் வரவில்லை. 2019ஆம் ஆண்டின் திருத்தச் சட்டமும் இவர்களை விலக்கியே வைத்தது. திருப்பூர் பனியன் கடல் கடக்கிறது. முகாமில் பிறந்த பிள்ளைக்கோ கடவுச்சீட்டு இல்லை. பறையும் பாட்டும் தாராளமாகக் கற்பிப்போம். ஆனால், நாள்தோறும் கீறப்படும் புண்ணை எந்த ராகமும் ஆற்றாது. ஈழப் பாடலுக்குக் கைதட்டும் நம் இலக்கிய மேடைகள், அந்தக் கையாலேயே குடியுரிமைக் கோரிக்கையிலும் ஒப்பமிடட்டும்.