அயலூர்க் காட்டில் துப்பாக்கியோடு நுழைவோருக்கு

 

அமெரிக்காவில் சிலர் வெளிமாநிலத்துக்குச் சென்று, வழிகாட்டி எவருமின்றிக் காட்டு வான்கோழியை வேட்டையாடுகின்றனர். அந்தக் காணொளிகளை நம் பிள்ளைகளும் கைபேசியில் பார்க்கின்றனர். நம் நாட்டில் காட்டு வான்கோழி இல்லை. ஆகவே காற்றுத் துப்பாக்கியோடு இருக்கன்குடிக் கரிசலில் கௌதாரியும் முயலும் தேடிப் போகலாம் என்ற ஆசை பிறக்கிறது. தடுத்தால், "வேட்டை ஹலால்தானே ஹஸ்ரத்?" என்று கேட்கின்றனர்.

ஹலால்தான். ஆனால் அதற்கு இடமும் காலமும் வகுத்ததும் இதே மார்க்கமே. மக்காவின் ஹரம் எல்லைக்குள் வேட்டை கூடாது. இஹ்ராம் அணிந்தவருக்குத் தரைவேட்டை கூடாது. ஹுதைபிய்யா பயணத்தில் இஹ்ராம் அணியாதிருந்த அபூ கதாதா (ரலி) அவர்கள் ஒரு காட்டுக்கழுதையை வேட்டையாடினார்கள். இஹ்ராமில் இருந்த தோழர்கள் அவருக்குச் சாட்டையைக்கூட எடுத்துக் கொடுக்கவில்லை. அவர்களில் எவரேனும் அதைச் சுட்டிக்காட்டினார்களா என்று நபி (ஸல்) அவர்கள் விசாரித்து, இல்லை என்றறிந்த பின்னரே உண்ண அனுமதித்தார்கள். தடுக்கப்பட்ட வேட்டைக்கு வழிகாட்டுவதும் குற்றத்தில் பங்கேற்பதே என்பது இதிலிருந்து விளங்கவில்லையா? ஆகவே, உள்ளூர்க்காரர் ஒருவரைத் துணைக்கு அழைத்துச் செல்வதால் குற்றம் குறைந்துவிடாது. அவரையும் அதில் இழுத்துவிட்டவர்கள் ஆவீர்கள்.

நம் நாட்டின் சட்டத்தைப் பாருங்கள். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் கௌதாரி, காட்டுக்காடை, முயல் ஆகியவற்றை வேட்டையாடத் தடை விதிக்கிறது. கண்ணி வைப்பதும் வலை விரிப்பதும்கூட அச்சட்டத்தின்படி வேட்டையே. மயில் முதல் அட்டவணையில் உள்ளது. அதைக் கொன்றவருக்குக் குறைந்தது 3 ஆண்டுச் சிறை. நியாயமான சட்டத்துக்குக் கட்டுப்படுவது முஸ்லிமின் கடமையல்லவா? அமெரிக்காவை எடுத்துக்காட்டாகச் சொல்வோர் ஒன்றை மறைக்கின்றனர். அங்கே வழிகாட்டியின்றிச் செல்பவரும் அந்த மாநிலத்தின் உரிமம் பெற்றே செல்கிறார். பருவமும் எண்ணிக்கையும் அவருக்கு வரையறுக்கப்பட்டிருக்கின்றன. வரைமுறையற்ற வேட்டையால் அருகிப்போன வான்கோழி, அங்கே மீண்டும் பெருகியது இத்தகைய கட்டுப்பாடுகளின் துணையால்தான்.

இறைச்சியின் நிலை என்ன? அல்மாயிதா அத்தியாயத்தின் 3-ஆம் வசனம் அடிபட்டுச் செத்ததை விலக்குகிறது. உண்டிவில்லின் கல் பட்டு, அறுக்கும் முன்பே உயிர்விட்ட பறவை அவ்வகையைச் சேர்ந்தது. காற்றுத் துப்பாக்கியின் ஈயக்குண்டும் அதைப் போன்றதே என்பது அறிஞர்கள் பலரின் கருத்து. பிஸ்மில்லாஹ் சொல்லிச் சுட்டுவிட்டால் மட்டும் போதும் என்று எண்ணுவோர் இதைக் கவனிக்க வேண்டும்.

நிலத்தையும் எண்ணிப் பாருங்கள். வைப்பாறும் அர்ச்சுனா நதியும் கூடும் இந்தப் பகுதியில் தரிசு போலத் தோன்றுவதெல்லாம் எவரோ ஒருவரின் புஞ்சை. அனுமதியின்றி நுழைவது அவருடைய உரிமையை மீறுவதாகும். இரவில் சீமைக்கருவேலப் புதருக்குள் அலைபவருக்குச் சுவரில்லாக் கிணறு தெரியாது. பன்றிக்குப் பயந்து எவரேனும் திருட்டுத்தனமாக மின்சாரம் பாய்ச்சிய கம்பியும் தெரியாது. தன் கையாலேயே தன்னை அழிவில் தள்ளக் கூடாதென்பது குர்ஆனின் கட்டளையன்றோ?

இன்னொன்றும் உண்டு. மாரியம்மன் கோயிலுக்கு ஊரூராய் மக்கள் திரளும் மண் இது. மயிலை முருகனின் வாகனமாகப் போற்றுகிறவர்கள் நம் அண்டை வீட்டார். ஒருவன் சுட்ட குண்டுக்கு நம் சமுதாயமே பதில் சொல்ல வேண்டிவரும்.

பெற்றோர்களே! பசிக்காக வேட்டையாடும் நிலை நம் வீடுகளில் இல்லை. பண்ணைக் காடையும் பண்ணை வான்கோழியும் விலைக்குக் கிடைக்கின்றன. வாங்கி முறைப்படி அறுத்து உண்ணுங்கள். வீட்டிலிருக்கும் காற்றுத் துப்பாக்கியை இன்றே பூட்டி வையுங்கள். உயிருள்ள எதையும் விளையாட்டுக்குக் குறியாக்கக் கூடாதென்று நபி (ஸல்) அவர்கள் கண்டித்ததை உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். அல்லாஹ் நம் அனைவருக்கும் நல்லறிவைத் தந்தருள்வானாக! ஆமீன்.