ஏசிக்கு சர்வீஸ், மலக்குழிக்கு மனிதரா?

கோடை தொடங்குமுன் ஏசிக்கு சர்வீஸ் செய்கிறோம். குடிநீர் சுத்திகரிப்பானுக்கு ஆண்டு ஒப்பந்தம் போடுகிறோம். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியை ஆள் வைத்துக் கழுவுகிறோம். அதே வீட்டின் செப்டிக் டேங்க் மட்டும் பத்து, பதினைந்து ஆண்டுகள் திறக்கப்படாமல் கிடக்கிறது. கழிவறையில் தண்ணீர் மேலேறி வரும் நாளில்தான் அதன் நினைவே வருகிறது. இதை மறதி என்று கடந்துவிட முடியாது. எப்போது நிரம்பினாலும் இறங்குவதற்கு ஒருவர் கிடைப்பார் என்கிற நம்பிக்கைதான் இந்த அலட்சியத்தின் அடித்தளம். அவர் எந்தச் சாதியில் பிறந்தவராக இருப்பார் என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

தொட்டிக்குள் நடப்பது எளிமையானது. திடக்கழிவு அடியில் படிகிறது. கொழுப்பு மேலே ஆடையாகப் படர்கிறது. நடுவிலுள்ள நீர் உறிஞ்சுகுழிக்குப் போகிறது. இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை கசடை எடுத்தால் லாரியின் குழாயே இழுத்துவிடும். ஆண்டுக்கணக்கில் விட்டால் அடிக்கசடு இறுகிவிடும். நாப்கினும் துணியும் பிளாஸ்டிக்கும் சேர்ந்தால் குழாய் அடைத்துக்கொள்ளும். அப்போதுதான் வீட்டுக்காரர், வயதில் மூத்த தொழிலாளியிடமும் ஒருமையில் சொல்கிறார்: "கொஞ்சம் உள்ள இறங்கிப் பாத்துடுப்பா."

உள்ளே ஹைட்ரஜன் சல்பைடும் மீத்தேனும் தேங்கியிருக்கின்றன. ஹைட்ரஜன் சல்பைடு குறைவாக இருக்கும்போது அழுகிய முட்டைபோல் நாறும். அளவு கூடினால் மோப்ப உணர்வையே மழுங்கடித்துவிடும். நாற்றம் இல்லை என்பதால் ஆபத்து இல்லை என்றாகிவிடாது. இறங்கியவர் சில மூச்சுகளில் மயங்கி விழுகிறார். அவரைத் தூக்க இறங்குபவரும் விழுகிறார். மறுநாள் செய்தித்தாளில் 'விஷவாயு தாக்கி இருவர் பலி'. தொட்டியைப் பதினைந்து ஆண்டுகள் திறக்காதவரைப் பற்றி அந்தச் செய்தியில் ஒரு வரி இருக்காது.

உரிய பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் மலக்குழியில் மனிதரை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. அது நகராட்சியையும் ஒப்பந்ததாரரையும் மட்டும் கட்டுப்படுத்தும் சட்டமல்ல, வீட்டு உரிமையாளரையும் கட்டுப்படுத்துவது. முதல்முறை மீறினாலே இரண்டு ஆண்டுவரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டுமே விதிக்கலாம். மலக்குழி மரணத்துக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று 2014-இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023-இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. தொகை உயர்ந்தது, இறங்குவது நிற்கவில்லை. "நான் இறங்கச் சொல்லல, அவரேதான் இறங்கினார்" என்ற ஒற்றை வரியில் உரிமையாளர்கள் ஒதுங்கிக்கொள்ளப் பார்க்கிறார்கள்.

இயந்திரம் வந்துவிட்டால் சாதி போய்விடும் என்று சொல்வதும் பாதி உண்மைதான். கழிவுநீர் லாரியின் குழாயைக் கையுறைகூட இல்லாமல் பிடித்து நிற்பவரும் பெரும்பாலும் அருந்ததியர்தான். ஏசி மெக்கானிக் முன்வாசல் வழியாக வந்து டீ குடித்துவிட்டுப் போகிறார். குழாய் பிடிப்பவர் பக்கச் சந்து வழியாகவே வந்து போகிறார். குடிக்கத் தண்ணீர் கேட்டால் அவருக்குத் தனி பாட்டில். இரண்டுமே வீட்டுப் பராமரிப்பு வேலைதானே?

வாடகைக்கு வீடு கேட்டுப் போனால் "நீங்க என்ன ஆளுங்க?" என்று விசாரிக்கத் தெரிந்த உரிமையாளருக்கு, தொட்டியில் கடைசியாக எப்போது கசடு எடுத்தார்கள் என்று சொல்லத் தெரிவதில்லை. இனி அந்தக் கேள்வியை வாடகைக்குப் போகிறவர்கள் கேட்க வேண்டும். அடுக்ககச் சங்கக் கூட்டங்களிலும் கேட்க வேண்டும். மூடியின்மேல் டைல்ஸ் பதித்து, போர்ட்டிகோ கட்டி மறைப்பதை நிறுத்த வேண்டும். தொட்டியின் ஒவ்வொரு அறைக்கும் எளிதில் திறக்கும் மூடி இருக்க வேண்டும். எந்த வீட்டில் எப்போது கசடு எடுக்கப்பட்டது என்ற பதிவேட்டை உள்ளாட்சிகள் பராமரித்து, நிரம்பும்வரை காத்திராமல் முறைவைத்து லாரி அனுப்ப வேண்டும். குழாய் பிடிப்பவருக்கு நிரந்தர வேலையும் பாதுகாப்புக் கருவிகளும் தர வேண்டும்.

சாதி ஒழிப்பில் அக்கறை உள்ளவர்கள் முதலில் தங்கள் வீட்டுத் தொட்டி கடைசியாகச் சுத்தம் செய்யப்பட்ட தேதியைத் தேடிப் பாருங்கள். தேதி கிடைக்கவில்லை என்றால், நிரம்பி வழியும்வரை காத்திருக்காமல் இந்த வாரமே லாரியை அழையுங்கள். யாரும் உள்ளே இறங்கக் கூடாது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.