சுண்டைக்காய் வண்டிக்கு எவ்வளவு காப்பீடு?

"சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்" என்று ஒரு பழமொழி உண்டு. பழைய பைக் வைத்திருப்பவரிடம் இன்சூரன்ஸ் பற்றிப் பேச்செடுத்தால் பெரும்பாலும் இந்தப் பழமொழிதான் வேறு வார்த்தைகளில் பதிலாக வரும். "வண்டியே இருபதாயிரம் போகாது, அதுக்கு எதுக்கு இன்சூரன்ஸ்?" என்பார்கள். வேறு சிலர், போலீஸ் மறித்தால் காட்டுவதற்கு ஒரு பேப்பர் இருந்தால் போதும் என்று இருப்பதிலேயே மலிவான பாலிசியை எடுத்து, அதைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் சீட்டுக்கு அடியில் வைத்துவிடுவார்கள். இதற்கு நேர்மாறாக, ஷோரூமில் நீட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டு, எதற்கு எவ்வளவு கட்டினார் என்றே தெரியாமல் வீடு திரும்புபவர்களும் உண்டு.

இந்த மூன்று வகையினரும் செய்யும் தவறு ஒன்றுதான். காப்பீட்டை வண்டியின் விலையை வைத்து அளக்கிறார்கள். உண்மையில் மோட்டார் சைக்கிள் பாலிசி என்பது ஒரே பொருள் அல்ல. அதற்குள் மூன்று பொருள்கள் இருக்கின்றன. வண்டி மோதி மற்றவருக்கு ஏற்படும் இழப்பு ஒன்று. ஓட்டுபவரின் உயிரும் உடலும் இரண்டாவது. வண்டி மூன்றாவது. இவற்றில் வண்டியின் விலையோடு ஏறி இறங்குவது மூன்றாவது மட்டுமே. மற்ற இரண்டுக்கும் வண்டி புதியதா பழையதா என்பது தெரியாது!

மற்றவருக்கு ஏற்படும் இழப்பு

மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 146-வது பிரிவு தேர்ட் பார்ட்டி காப்பீட்டைக் கட்டாயமாக்குகிறது. அது இல்லாமல் ஓட்டினால், 2019-இல் வந்த திருத்தத்தின்படி முதல் முறை 2,000 ரூபாய் அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மறுமுறை அபராதம் 4,000 ரூபாய். பலருக்கு இந்த 2,000 ரூபாய்தான் பயம். ஆனால் பயப்பட வேண்டியது வேறொரு தொகைக்கு.

ஒரு கணக்கைப் பார்த்தால் இது புரியும். முப்பது வயது எலக்ட்ரீஷியன் ஒருவர், சொந்தமாகத் தொழில் செய்பவர், மாதம் 15,000 ரூபாய் சம்பாதிக்கிறார், மனைவியும் இரண்டு குழந்தைகளும் அவரை நம்பி இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். சாலையைக் கடக்கும்போது ஒரு பழைய பைக் மோதி அவர் இறந்துவிடுகிறார். தவறு பைக் ஓட்டியவருடையது. மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் எப்படிக் கணக்கிடும்? ஆண்டு வருமானம் 1,80,000 ரூபாய். நாற்பது வயதுக்குக் குறைந்த சுயதொழிலாளிக்கு எதிர்கால வருமான உயர்வாக 40 சதவீதம் சேர்க்க வேண்டும் என்பது 2017-இல் உச்ச நீதிமன்றம் வகுத்த அளவு. ஆக 2,52,000. அதில் அவருடைய சொந்தச் செலவுக்காக மூன்றில் ஒரு பங்கு கழிந்தால் 1,68,000. உச்ச நீதிமன்றம் 2009-இல் தந்த அட்டவணைப்படி இந்த வயதுக்குப் பெருக்கும் எண் 17. மொத்தம் 28,56,000 ரூபாய். இறுதிச் சடங்கு முதலியவற்றுக்கான தொகை இதற்கு மேல்.

மோதிய வண்டி இருபதாயிரம் ரூபாய் பைக் என்பதற்காக இந்தத் தொகையில் ஒரு ரூபாயும் குறையாது. காப்பீடு இல்லையென்றால் உரிமையாளர்தான் கட்ட வேண்டும். காப்பீடு இல்லாத வண்டி விபத்தில் சிக்கினால் அதை ஏலம் விட்டுப் பணத்தைத் தீர்ப்பாயத்தில் செலுத்த வழி செய்யும் விதிகளைக் கொண்டுவருமாறு 2018-இல் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்குக் கூறியது. இருபதாயிரம் ரூபாய் வண்டியை ஏலம் விட்டால் அந்த எலக்ட்ரீஷியனின் வீட்டுக்கு என்ன கிடைக்கும்? வண்டி மலிவாக இருக்க இருக்க, காப்பீடு இல்லாவிட்டால் பாதிக்கப்பட்டவர் தெருவில் நிற்பதற்கான வாய்ப்புதான் கூடுகிறது.

இவ்வளவு பெரிய பொறுப்பை ஏற்றுக்கொள்ள நிறுவனம் கேட்பது எவ்வளவு? 2022 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த கட்டண அட்டவணையில் 75 சிசி வரையுள்ள இருசக்கர வாகனத்துக்கு ஆண்டுக்கு 538 ரூபாய், 75 முதல் 150 சிசி வரை 714 ரூபாய். ஸ்ப்ளெண்டரும் எக்ஸ்எல் 100-உம் இந்த இரண்டாவது வரிசையில்தான் வருகின்றன. 18 சதவீத ஜிஎஸ்டியைச் சேர்த்தாலும் 714 என்பது சுமார் 843 ரூபாய்தான் ஆகும். ஒரு நாளைக்கு இரண்டரை ரூபாய்கூட இல்லை. இந்தக் கட்டணத்தை அரசே நிர்ணயிப்பதால் எந்தக் கம்பெனிக்குப் போனாலும் ஒரே விலை. இதில் பேரம் பேசுவதற்கும் ஒன்றுமில்லை, யோசிப்பதற்கும் ஒன்றுமில்லை.

ஒரே ஒரு எச்சரிக்கை. மரணத்துக்கும் காயத்துக்கும் நிறுவனத்தின் பொறுப்புக்கு வரம்பில்லை. ஆனால் மற்றவரின் சொத்துக்கு ஏற்படும் சேதத்துக்கு, இருசக்கர வாகனங்களைப் பொறுத்தவரை 1 லட்சம் ரூபாய்தான் வரம்பு. கொஞ்சம் பிரீமியம் குறையும் என்று இதை 6,000 ரூபாயாகக் குறைத்துக்கொள்ளும் வசதியும் உண்டு. அதை எடுக்கவே கூடாது. இன்றைய காரின் ஒரு ஹெட்லைட்டுக்கே அந்த ஆறாயிரம் போதாது.

ஓட்டுபவரின் உடம்பு

தேர்ட் பார்ட்டி என்றால் மூன்றாம் நபர். ஓட்டுபவர் மூன்றாம் நபர் அல்ல. தானாகச் சறுக்கி விழுந்தால் அந்தப் பகுதியிலிருந்து அவருக்கு எதுவும் கிடைக்காது. அதற்காக இருப்பதுதான் உரிமையாளர்–ஓட்டுநர் விபத்துக் காப்பீடு. 2018 வரை இருசக்கர வாகனத்துக்கு 1 லட்சம் ரூபாயாக இருந்த இந்தத் தொகை, அந்த ஆண்டு 15 லட்சமாக உயர்த்தப்பட்டது. இது மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும் மட்டுமே. ஆஸ்பத்திரி பில்லுக்கு அல்ல. அதற்கு மருத்துவக் காப்பீடு தனியாக வேண்டும். ஏற்கெனவே வேறு பாலிசியில் அதே அளவு விபத்துக் காப்பீடு வைத்திருப்பவர் இதை மீண்டும் வாங்கத் தேவையில்லை. இது பலருக்குத் தெரிவதில்லை. இரண்டு வண்டி இருக்கிறது என்பதற்காக இரண்டு முறை கட்டுகிறார்கள்.

மாணவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இங்கேதான் இருக்கிறது. எத்தனையோ வீடுகளில் ஆர்.சி. புத்தகம் அப்பா பெயரில் இருக்கும், வண்டியை ஓட்டுவது மகனாகவோ மகளாகவோ இருக்கும். உரிமையாளர்–ஓட்டுநர் காப்பீடு, பெயருக்கு ஏற்றாற்போல், பதிவுச் சான்றில் பெயர் உள்ள உரிமையாளர் லைசென்ஸோடு ஓட்டும்போதுதான் பொருந்தும். மகன் ஓட்டி விழுந்தால் அந்த 15 லட்சம் அவருக்கு இல்லை. மூன்றாம் நபராகவும் அவரால் கேட்க முடியாது. இரவல் வாங்கி ஓட்டுபவர் உரிமையாளரின் இடத்தில் நிற்கிறார் என்று உச்ச நீதிமன்றம் 2009-இலும் 2020-இலும் சொல்லிவிட்டது. ஆகவே தினமும் ஓட்டுபவர் யாரோ, அவர் பெயரில் தனியாக ஒரு விபத்துக் காப்பீடு எடுப்பதுதான் புத்திசாலித்தனம். வண்டிக்கு ஸ்டிக்கர் ஒட்டும் செலவைவிட இது முக்கியமான செலவு.

பின்னால் உட்கார்ந்திருப்பவர்

தேர்ட் பார்ட்டி மட்டும் உள்ள பாலிசியில், பின் சீட்டில் வருபவர் மூன்றாம் நபராகக் கருதப்பட மாட்டார் என்பது 2006, 2008 ஆண்டுகளில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளின் சாரம். அதே நேரம், 'பேக்கேஜ்' எனப்படும் முழுக் காப்பீட்டில் பின்னால் அமர்ந்து செல்பவருக்கும் நிறுவனத்தின் பொறுப்பு உண்டு என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2009 நவம்பரில் சுற்றறிக்கை அனுப்பியது.

தேர்ட் பார்ட்டிக்கும் ஃபுல் இன்சூரன்ஸுக்கும் உள்ள வித்தியாசம் வண்டிச் சேதம் மட்டும்தான் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். தினமும் மனைவியையோ தங்கையையோ நண்பரையோ ஏற்றிக்கொண்டு போகிறவர், ஃபுல் இன்சூரன்ஸை வேண்டாம் என்று ஒதுக்குவதற்கு முன் அவர்களையும் சேர்த்துத்தான் ஒதுக்குகிறார். "பின்னால் வருபவருக்கு இந்தப் பாலிசியில் பாதுகாப்பு உண்டா?" என்ற ஒரு கேள்வியை நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

கடைசியில்தான் வண்டி

சுண்டைக்காய்ப் பழமொழிக்கு இப்போதுதான் வேலை வருகிறது. சொந்தச் சேதக் காப்பீட்டின் அடிப்படை ஐடிவி எனப்படும் அறிவிக்கப்பட்ட மதிப்பு. வண்டி முழுதாகப் போய்விட்டால் கிடைக்கும் தொகை இதுதான். இரண்டாம் ஆண்டில் 20 சதவீதம், மூன்றாம் ஆண்டில் 30, நான்காம் ஆண்டில் 40, ஐந்தாம் ஆண்டில் 50 சதவீதம் என்று தேய்மானம் கழியும். ஐந்து ஆண்டுக்கு மேல் நிறுவனமும் உரிமையாளரும் பேசி முடிவு செய்வதுதான் மதிப்பு.

சின்ன விபத்துக்கு இதனால் எவ்வளவு பயன்? ஆறு வயது வண்டி, ஐடிவி 30,000. சொந்தச் சேதப் பிரீமியம் 600 ரூபாய், 50 சதவீத நோ கிளெய்ம் போனஸ் போக 300 என்று ஓர் எடுத்துக்காட்டு. வண்டி விழுந்து 4,000 ரூபாய் பில் வருகிறது. பிளாஸ்டிக் பாகங்கள் 1,500, உலோகப் பாகங்கள் 1,500, கூலி 1,000. பிளாஸ்டிக்குக்குப் பாதி கழியும், 750 கிடைக்கும். இந்த வயதில் உலோகத்துக்கு 40 சதவீதம் கழியும், 900 கிடைக்கும். கூலி முழுதாக 1,000. அதில் கட்டாயக் கழிவு 100 போனால் கைக்கு வருவது 2,550. ஆனால் போனஸ் போய்விட்டது! அது மீண்டும் 20, 25, 35, 45 என்று ஏறி 50-ஐத் தொடுவதற்குள் கூடுதலாகக் கட்டும் பிரீமியம் 750 ரூபாய். நிகர லாபம் 1,800 மட்டும். அதற்கும் சர்வேயர், படிவம், காத்திருப்பு. கீறலுக்கும் உடைந்த இண்டிகேட்டருக்கும் கிளெய்ம் போடுவது வீண் அலைச்சல் என்பது இதிலிருந்தே தெரியும்.

எனவே மலிவான வண்டிக்குச் சொந்தச் சேதக் காப்பீடு என்பது உண்மையில் இரண்டே நிகழ்வுகளுக்குத்தான். ஒன்று வண்டி திருடு போவது. மற்றொன்று, பழுதுபார்க்கும் செலவு ஐடிவியில் 75 சதவீதத்தைத் தாண்டி 'டோட்டல் லாஸ்' ஆவது. இங்கே கேட்க வேண்டிய கேள்வி "வண்டி என்ன விலை?" என்பதல்ல. "நாளைக் காலை வண்டி இல்லையென்றால் என்ன ஆகும்?" என்பதுதான். பஸ்ஸில் போய்க்கொண்டு மூன்று மாதத்தில் வேறு வண்டி வாங்கிவிட முடியுமென்றால், இந்தப் பகுதியைக் கைவிடலாம். உணவு டெலிவரி செய்பவருக்கும், விடியற்காலையில் பால் ஊற்றுபவருக்கும் அதே முப்பதாயிரம் ரூபாய் வண்டிதான் பிழைப்பு. தவணை முடியாத வண்டி தொலைந்தால், இல்லாத வண்டிக்கு மாதாமாதம் பணம் கட்ட வேண்டிவரும். இரவில் தெருவில் நிற்கும் வண்டியும், பூட்டிய காம்பவுண்டுக்குள் நிற்கும் வண்டியும் ஒன்றல்ல. இவர்களுக்கெல்லாம் அந்த 300 ரூபாய் சுமைகூலி ஆகாது.

எடுப்பதென்றால் ஐடிவியைக் குறைத்துக் காட்டி ஐம்பது ரூபாய் மிச்சம் பிடிக்கும் வேலை வேண்டாம். திருடு போகும் நாளில் அந்த ஐம்பது ரூபாய் ஐயாயிரமாகத் திருப்பி அடிக்கும்.

இரண்டு தேதிகள்

எலும்பு சிகிச்சை நிபுணரான கோவை டாக்டர் எஸ். ராஜசேகரன் சாலைப் பாதுகாப்புக்காகத் தொடுத்த பொதுநல வழக்கில்தான், 2018 செப்டம்பர் 1 முதல் புதிய இருசக்கர வாகனங்களுக்கு ஐந்தாண்டு தேர்ட் பார்ட்டி காப்பீடு கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. நல்ல உத்தரவு. ஆனால் அதனால் ஒரு குழப்பமும் வந்தது. "அஞ்சு வருஷத்துக்கு இன்சூரன்ஸ் இருக்கு" என்று நினைத்திருப்பவரின் பாலிசியில் சொந்தச் சேதப் பகுதி முதல் ஆண்டோடு முடிந்திருக்கும். ஐந்தாவது ஆண்டு முடிந்ததும் தேர்ட் பார்ட்டியும் சத்தமில்லாமல் காலாவதியாகும். பாலிசியில் இரண்டு தேதிகள் இருக்கும். இரண்டையும் குறித்து வைக்க வேண்டும்.

பழைய வண்டி வாங்குபவர், வாங்கிய 14 நாட்களுக்குள் பாலிசியைத் தன் பெயருக்கு மாற்றக் கேட்க வேண்டும். விற்றவரின் நோ கிளெய்ம் போனஸ் விற்றவரோடு போய்விடும், வண்டியோடு வராது.

ஆக, வரிசை இப்படி இருக்க வேண்டும். முதலில் தேர்ட் பார்ட்டி, கேள்வியே இல்லாமல். அடுத்து ஓட்டுபவரின் விபத்துக் காப்பீடு. மூன்றாவது பின்னால் வருபவர். கடைசியாக மட்டும் வண்டி, அதுவும் தேவைப்பட்டால். பெரும்பாலோர் இந்த வரிசையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, வண்டி மலிவு என்பதால் எல்லாவற்றையும் மலிவாக முடிக்கப் பார்க்கிறார்கள். சுண்டைக்காய் வண்டிதான். அதில் ஏறுகிறவர்களும் அதன் எதிரே நடந்து வருகிறவர்களும் சுண்டைக்காய் அல்லவே!