கெட்ட மீன் என்று ஒன்று உண்டா?



வீட்டில் கடல்மீன் தொட்டி வைப்போர் பலர், விலை மலிவு, எளிதில் சாகாது என்பதற்காக டாம்சல் மீனையே முதலில் வாங்கி விடுகின்றனர். பின்னர் விடப்படும் மீன்களை அது துரத்துகிறது, துடுப்பைக் கிழிக்கிறது. புதிய மீன் இரையெடுக்காமல் இறந்தும் போகிறது. உடனே, "இது கெட்ட மீன்" எனப் பிள்ளைகளிடம் கூறிவிடுகிறோம்.

அம்மீன் செய்த குற்றம் யாது? பவளப்பாறையில் ஓர் இடுக்கைத் தனதாக்கிக் காப்பது அதன் இயல்பு. தன் இனத்தையும், நிறத்திலும் வடிவிலும் தன்னை ஒத்தவற்றையுமே அது மிகுதியாக எதிர்க்கும். பிள்ளைகள் விரும்பும் கோமாளி மீனும் இதற்கு விலக்கன்று. இரண்டை ஒன்றாக வளர்த்தால் வலியது பெண்ணாகும். மூன்றாவது சேர்ந்தால் பெரும்பாலும் விரட்டப்படும். கடலில் தோற்ற மீன் தப்பியோடலாம். கண்ணாடிச் சுவர்களுக்குள் எங்கே ஓடும்?

ஆகவே, சாதுவான மீன்களை முதலிலும் மூர்க்கமானவற்றை இறுதியிலும் விடுவதே முறை. வரிசை மாறிவிட்டால், கற்களை இடம் மாற்றி அடுக்குங்கள். பழைய எல்லை குலையும். புதிய மீனைத் துளையிட்ட கண்ணாடிப் பெட்டியில், தொட்டிக்குள்ளேயே சில நாள்கள் வைத்துப் பழக்குங்கள். அப்போதும் சண்டை ஓயாவிடில் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுங்கள், கடலில் விட்டுவிடாதீர்கள்.

இடத்தைச் சீர்செய்யாமல் மீனைப் பழிப்பது முறையன்று என்பதே என் கருத்து. வகுப்பில் சண்டையிடும் மாணவனின் இருக்கையை மாற்றிப் பார்த்த ஆசிரியர்கள் இதனை ஒப்புக்கொள்வர்.