கப்பலின் விளிம்பு

சென்ற வாரம் என் பழைய மாணாக்கன் ஒருவன் வந்திருந்தான். தென்னை நார் விரிப்புகளை ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி செய்கிறான். பள்ளியில் கணக்கிலே புலி. ஆயினும் முகம் வாடியிருந்தது. விசாரித்ததில் விஷயம் வெளிவந்தது. 'எப். ஓ. பி.' விலைக்கு ஒரு பெட்டகம் நிறையச் சரக்கை விற்றானாம். பெட்டகத்தைத் துறைமுகத்துக் கிடங்கில் ஒப்படைத்துவிட்டு வீட்டுக்கு வந்து நிம்மதியாகத் தூங்கினான். கப்பல் வருவதற்கு முன் பெருமழை பெய்தது. பெட்டகத்தின் கூரையில் இருந்த ஒரு துவாரத்தின் வழியே நீர் புகுந்தது. நஷ்டம் யாருடையது?

"நான்தான் ஒப்படைத்துவிட்டேனே, ஸார்!" என்றான்.

ஒப்படைத்தது உண்மை. ஆனால் அவன் கையெழுத்திட்ட மூன்றெழுத்து வேறு சொல்கிறது. எப். ஓ. பி. என்றால் சரக்கு கப்பலின்மேல் ஏறும் வரையில் விற்றவன் பாடு; ஏறிய பிறகே வாங்கியவன் பாடு. கிடங்கில் கிடந்த ஒவ்வொரு நாளும் அந்த விரிப்புகள் என் மாணாக்கனுடைய தலைமேல்தான் இருந்தன.

நம் வீடுகளில் இதை ஒவ்வொரு நாளும் பார்க்கிறோம். அரிசி மண்டியில் மூட்டையைக் காட்டி, "எடுத்துக்கொண்டு போங்கள்" என்பது ஒரு விலை. "வீட்டில் கொண்டுவந்து இறக்கிவிடுகிறேன்" என்பது வேறொரு விலை. வழியில் மூட்டை கிழிந்தால் யார் தலையில் விடியும் என்பதும் அதோடு தீர்மானமாகிவிடுகிறது. தெருவில் ஒரு வார்த்தையில் முடிகிற இந்தக் காரியம், இரண்டு தேசங்களுக்கு இடையில் வந்துவிட்டால் பெரும் சிக்கலாகிறது. ஒரே சொல்லுக்கு லண்டனில் ஓர் அர்த்தம், நியூயார்க்கில் ஓர் அர்த்தம் என்று இருந்துவந்தது. இதைச் சீர்படுத்தவே பாரிஸிலுள்ள சர்வதேச வர்த்தக சபை 1936-ஆம் ஆண்டில் 'இன்கோடெர்ம்ஸ்' என்னும் விதிகளை வெளியிட்டது. அவை பலமுறை திருத்தப்பட்டு, 2020-ஆம் ஆண்டுப் பதிப்பில் பதினொரு நிபந்தனைகளாக நிற்கின்றன. ஒரு கோடியில், தன் வாசலில் சரக்கை வைத்துவிட்டுக் கைகழுவுகிற விற்பனையாளன். மறு கோடியில், அயல்நாட்டுச் சுங்க வரியையும் தானே கட்டி வாங்குபவன் வாசலில் சேர்க்கிற விற்பனையாளன். மற்றவை இவ்விரண்டுக்கும் இடையில் உள்ளவை.

எப். ஓ. பி.யில் அந்த எல்லைக்கோடு எங்கே இருக்கிறது? நெடுங்காலம் அதைக் கப்பலின் விளிம்புக் கம்பி என்றே வைத்திருந்தார்கள். இந்த விளிம்பு படுத்திய பாட்டை அறிய ஒரு வழக்கைச் சொல்லவேண்டும். அதில் சம்பந்தப்பட்டவர்கள் நம்மவர்கள் என்பதால் நமக்கு அதில் கூடுதல் சுவாரசியம் உண்டு.

சுதந்தர இந்தியாவின் சர்க்கார் இங்கிலாந்தில் பைரீன் என்ற கம்பெனியிடம் தீயணைக்கும் வண்டிகளை எப். ஓ. பி. லண்டன் விலைக்கு வாங்கிற்று. இந்த முறையில் கப்பலை ஏற்பாடு செய்யும் உரிமை வாங்குபவருடையது. சர்க்கார் நியமித்தது ஸிந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியின் கப்பலை. தூத்துக்குடியில் வ. உ. சிதம்பரம் பிள்ளை 1906-இல் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனி அந்நியப் போட்டியில் நொறுக்கப்பட்டதை நாம் மறக்கவில்லை. ஸிந்தியா கம்பெனியின் 'லாயல்டி' கப்பல் 1919 ஏப்ரல் 5-ஆம் தேதி பம்பாயிலிருந்து லண்டனுக்குப் புறப்பட்டது அந்தக் காயத்துக்கு ஒரு மருந்து. ஆகவே நம் சர்க்கார் தன் சாமானுக்குத் தன் நாட்டுக் கப்பலைத் தேர்ந்தெடுத்தது என்றால், அதைச் சாத்தியமாக்கியது எப். ஓ. பி. என்ற அந்த மூன்றெழுத்தே. கப்பல் கூலியும் இன்ஷ்யூரன்ஸும் சேர்த்து 'ஸி. ஐ. எப்.' விலைக்கு வாங்கியிருந்தால், கப்பலைப் பொறுக்கும் உரிமை விற்பவர் கைக்குப் போயிருக்கும். இறக்குமதிக்கு எப். ஓ. பி., ஏற்றுமதிக்கு ஸி. ஐ. எப். என்று நம் சர்க்கார் நெடுங்காலம் கொள்கை வைத்திருந்ததன் காரணம் இதுதான். கப்பல் கூலி யார் பையில் விழுகிறது என்பது சிறு விஷயமன்று.

கதைக்குத் திரும்புவோம். கப்பலின் பாரந்தூக்கி ஒரு வண்டியைத் தூக்கியது. விளிம்பைத் தாண்டுவதற்கு முன்பே வண்டி கீழே விழுந்தது! தாண்டவில்லை ஆகையால் சேதம் பைரீன் கம்பெனியின் பாடாயிற்று. பழுது பார்க்க 966 பவுன் செலவு. தவறு தங்களுடையதென்று கப்பல்காரர் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் கடல் சரக்குச் சட்டப்படி ஒரு பொதிக்கு 200 பவுனுக்கு மேல் கொடுக்கக் கடமையில்லை என்றார்கள். "கப்பலை அமர்த்தியவர்கள் நாங்கள் அல்லவே, அந்த வரம்பு எங்களை எப்படிக் கட்டும்?" என்றது பைரீன். 1954-இல் தீர்ப்பளித்த நீதிபதி டெவ்லின், தம் சரக்கை அந்த ஏற்பாட்டின் கீழ் ஏற்றக் கொடுத்த விற்பனையாளர் அதன் வரம்புக்கும் உட்பட்டவரே என்றார். கிடைத்தது 200 பவுன்தான். சரக்கு கயிற்றில் ஊசலாடும்போது பொறுப்பும் கூடவே ஊசலாடுவதை அவர் சற்றுப் பரிகாசத்தோடு குறிப்பிட்டிருக்கிறார். அதன்பிறகும் அந்த விளிம்பு விதிகளிலிருந்து நீங்க 2010-ஆம் ஆண்டுத் திருத்தம் வரவேண்டியிருந்தது. இப்போது சரக்கு கப்பலின்மேல் வைக்கப்பட்டால்தான் பொறுப்பு மாறுகிறது.

ஸி. ஐ. எப். பற்றியும் ஒரு வார்த்தை. விற்பவர் சேருமிடம் வரையில் கூலி கொடுப்பதால், அபாயமும் அதுவரை அவருடையதே என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படியன்று. கூலி ஓரிடத்தில் முடிகிறது. அபாயமோ சரக்கு கப்பலில் ஏறியவுடனேயே வாங்குபவருக்கு மாறிவிடுகிறது. நடுக்கடலில் கப்பல் மூழ்கினாலும், ஒழுங்கான ஆவணங்கள் வந்தால் அவர் பணம் கொடுத்தே தீரவேண்டும். பிறகு இன்ஷ்யூரன்ஸ் கம்பெனியை நாடவேண்டியதுதான். விற்பவர் எடுக்கக் கடமைப்பட்டதோ, வேறு பேச்சில்லையானால், குறைந்தபட்சப் பாதுகாப்பு மட்டும். தொகை, விலையில் நூற்றுக்கு நூற்றுப்பத்து.

என் மாணாக்கன் விஷயத்தில், அவனுக்குப் பொருந்தியது எப். ஓ. பி. அல்ல, 'எப். ஸி. ஏ.' என்பது. அதில், குறித்த இடத்தில் கப்பல்காரரின் ஆளிடம் சரக்கை ஒப்படைத்ததும் பொறுப்பு நீங்கிவிடும். பெட்டகத்தில் போகும் சரக்குக்கு இதையே கையாளும்படி அந்த விதிகளும் சொல்கின்றன. "பாங்கிக்காரர் கப்பலில் ஏறியதாகச் சீட்டு கேட்பாரே, அதனால்தான் பழைய வழியிலேயே போனேன்" என்றான். நியாயமான பயந்தான். ஆனால் 2020-ஆம் ஆண்டுப் பதிப்பில் அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள்: அத்தகைய சீட்டை விற்பவருக்கே கொடுக்கும்படி வாங்குபவர் கப்பல்காரருக்கு உத்தரவிட வேண்டுமென்று இருவரும் ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளலாம்.

அவன் தன் அடுத்த ஒப்பந்தத்தின் நகலை என் மேஜையில் வைத்தான். 'எப். ஓ. பி.'யை அடித்துவிட்டு, கிடங்கின் பெயரையும் 'இன்கோடெர்ம்ஸ் 2020' என்பதையும் அவன் கையாலேயே எழுதச் சொன்னேன். எழுத்து மட்டும் இன்னும் பழைய கோழிக்கிறுக்கல்தான்.