வடிகட்டி ஓரத்தில் கசியும் தூளும் தொழிலாளி மேல் விழும் பழியும்

மறுநடவுக்காகப் பழைய ரப்பர் மரங்களைச் சாய்க்கும் வேலையைக் கோடரியிடமிருந்து செயின்சா எடுத்துக்கொண்டு வெகுகாலம் ஆகிறது. இருபத்தைந்து, முப்பது ஆண்டுகள் பால் கொடுத்து ஓய்ந்த மரத்தை அது சில நிமிடங்களில் தரையில் கிடத்திவிடுகிறது. ஆனால் அந்த இயந்திரம் ஒரு நாள் எவ்வளவு இழுத்தும் ஓட மறுத்தால், "எண்ணெயைச் சரியாகக் கலக்கவில்லை", "முரட்டுத்தனமாக ஓட்டினான்" என்ற பேச்சுத்தான் முதலில் எழுகிறது. விசாரணை இல்லை, பிரித்துப் பார்ப்பதும் இல்லை. பழி தொழிலாளி மேல், முடிந்தால் செலவும் அவன் மேல்! இப்படிப்பட்ட பழியை ஏற்பதற்கு முன், காற்று வடிகட்டியின் ஓரத்தை ஒரு முறை பார்க்கும்படி தொழிலாளத் தோழர்களையும் கிராணிமாரையும் நிர்வாகத்தினரையும் கேட்டுக்கொள்கிறோம்.

பால்வெட்டும் தோழர்களுக்கு இதை விளக்குவது எளிது. ஸ்டோரில் பாலை ஊற்றும்போது சல்லடை தொட்டியின் விளிம்பில் சரியாக உட்காராவிட்டால் என்ன ஆகும்? சல்லடையின் கண்கள் எவ்வளவு பொடியாக இருந்தாலும், இலையும் பட்டைத் துணுக்கும் ஓரத்து இடைவெளி வழியே உள்ளே போய்விடும். செயின்சாவின் கதையும் அதுவேதான். தூள் பெரும்பாலும் வடிகட்டியைத் துளைத்துக்கொண்டு போவதில்லை. அதைச் சுற்றிக்கொண்டு போகிறது.

உள்ளே போன தூள் சும்மா இருப்பதில்லை. இது இரண்டு வீச்சு எஞ்சின். கார்புரேட்டர் வழியே வரும் காற்று, பெட்ரோலையும் அதில் கலந்த எண்ணெயையும் ஏந்திக்கொண்டு முதலில் கிராங்க் அறைக்குள் நுழைந்து, பிறகுதான் சிலிண்டருக்கு ஏறுகிறது. அந்த எண்ணெயுடன் மரத்தூளும் மண்தூளும் சேர்ந்தால், உப்புத்தாள் கொண்டு தேய்ப்பதுபோல் பிஸ்டனும் அதன் வளையங்களும் தேய்கின்றன. அழுத்தம் குறைகிறது; பலம் குறைகிறது; கடைசியில் எஞ்சின் கிளம்புவதே இல்லை.

இங்கே ஒரு முக்கியமான வேற்றுமையைக் கவனிக்க வேண்டும். அடைத்துப்போன வடிகட்டி முறையிடும்: புகை அதிகமாகும், வேகம் குறையும், பெட்ரோல் கூடுதலாகச் செலவாகும். ஓரத்தில் கசியும் வடிகட்டியோ முறையிடாது. காற்று தாராளமாகக் கிடைப்பதால் எஞ்சின் நன்றாகவே ஓடும். நோய் முற்றிய பிறகே தெரியும். ஆகவேதான் கடைசியில் கைப்பிடியைப் பிடித்திருந்தவன் குற்றவாளியாகிறான்.

கசிவு எங்கிருந்து வருகிறது? வடிகட்டியின் ரப்பர் விளிம்பு காய்ந்து இறுகிப்போவது ஒன்று. வெந்நீரிலோ கடுமையான திரவத்திலோ கழுவியதால் சட்டம் கோணிப்போவது ஒன்று. அடிமரத்தில் தட்டித் தூளை உதறியதால் விளிம்பு நசுங்குவது ஒன்று. இரண்டு பாதியாக வரும் வடிகட்டியைச் சரியாக அழுத்தி மூடாதது ஒன்று. அளவு பொருந்தாத மலிவுச் சரக்கை வாங்கிப் போடுவது மற்றொன்று. இந்தக் கடைசிக் குற்றம் தொழிலாளியுடையது அன்று என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

தொழிலாளி தன் பங்குக்குச் செய்ய வேண்டியவையும் உண்டு. அதை நாம் மறைக்கவில்லை. மூடியைத் திறக்குமுன் சோக்கை அடைத்துவிட வேண்டும். இல்லையேல் வடிகட்டியை எடுக்கும் அந்த நொடியிலேயே தூள் கார்புரேட்டர் வாயில் விழும். சுற்றியுள்ள தூளைத் தூரிகையால் துடைத்த பிறகே வடிகட்டியைக் கழற்ற வேண்டும். கழுவக்கூடிய வடிகட்டியை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாக உலர்த்திய பிறகே மாட்ட வேண்டும். வடிகட்டி உட்காரும் இடத்தையும் சுத்தமான துணியால் துடைக்க வேண்டும். அங்கே ஒட்டிய ஒரு துணுக்குச் சக்கை போதும், இடைவெளி உண்டாக. மாட்டிய பிறகு விரலால் அசைத்துப் பார்க்க வேண்டும். அனுபவசாலிகள் சிலர் ரப்பர் விளிம்பில் மெல்லிதாகக் கிரீஸ் தடவுவதுண்டு. தப்பி வரும் தூள் அதில் ஒட்டிக்கொண்டு, கசியும் இடத்தையும் காட்டிக்கொடுக்கும். ஆனால் கெட்டுப்போன விளிம்புக்குக் கிரீஸ் மருந்தாகாது. புது வடிகட்டிதான் மருந்து.

இன்னொன்று: சங்கிலிப் பல் கூர்மையாக இருந்தால் சீவல் சீவலாக வெளியே தள்ளும், மழுங்கினால் மாவாக அரைக்கும். அந்த மாவுதான் வடிகட்டிக்கு எமன். ஆகவே அரம் பிடிக்கும் நேரத்தை வீண்நேரம் என்று எண்ணலாகாது. மரக்கணக்கில் கூலி கொடுத்துவிட்டு, அரம் பிடிக்கவும் வடிகட்டி துடைக்கவும் நேரம் ஒதுக்காத நிர்வாகம், தன் இயந்திரத்தைத் தானே அழிக்கிறது.

எண்ணெய் கலக்கவில்லை என்று குற்றம் சாட்டப்பட்டால், எஞ்சினைப் பிரித்துக் காட்டும்படி கேளுங்கள். எண்ணெய் இல்லாமல் சூடேறிய பிஸ்டனில் உலோகம் இழுபட்டு, ஆழமான கோடுகள் தெரியும். தூள் தின்ற பிஸ்டனோ காற்று நுழையும் பக்கத்தில் பளபளப்பு இழந்து, மங்கித் தேய்ந்திருக்கும். கார்புரேட்டர் வாயில், வடிகட்டிக்கு உட்புறத்தில், நுண்தூள் படிந்திருந்தால் சாட்சி இன்னும் பலமாகிறது.

கிராணிமாருக்கும் ஒரு வேண்டுகோள். எந்த இயந்திரத்துக்கு எந்தத் தேதியில் புது வடிகட்டி கொடுக்கப்பட்டது, கேட்டும் கொடுக்கப்படாதது எப்போது என்பதை ஒரு புத்தகத்தில் எழுதி வையுங்கள். ஒரு வரி எழுத்து ஒரு தொழிலாளியின் மாதச் சம்பளத்தைக் காக்கக்கூடும். தீபகற்ப மலேசியாவில் 1955-ஆம் ஆண்டின் வேலைச் சட்டம், 24-ஆம் பிரிவில், அச்சட்டத்துக்கு உட்பட்டன்றிச் சம்பளத்தில் பிடித்தம் செய்யக்கூடாது என்கிறது. "மிஷின் கெட்டது, பிடித்துக்கொள்" என்று துரை வாய்மொழியாகச் சொல்வது சட்டமாகிவிடாது.

கடைசியாக ஒரு கேள்வி. இயந்திரம் தூளை மூச்சிழுக்காதிருக்க வடிகட்டி வைத்தார்கள். அதைப் பிடித்திருப்பவன் நாள் முழுவதும் இழுக்கும் மூச்சுக்கு என்ன வைத்தார்கள்? மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1995-லேயே வகைப்படுத்திவிட்டது. 1994-ஆம் ஆண்டின் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் முதலாளியின் கடமைகளை வகுத்திருப்பதோடு, அச்சட்டப்படி கொடுப்பதற்குத் தொழிலாளியிடம் காசு வாங்கக்கூடாது என்று 26-ஆம் பிரிவில் தடுத்தும் இருக்கிறது. ஆகவே முகமூடி தானமன்று; அது கடமை.

நாம் கேட்பது பெரிதல்ல. ஒவ்வொரு செயின்சாவுக்கும் பொருத்தமான வடிகட்டி இரண்டு: ஒன்று ஓட, ஒன்று உலர. அதைத் துடைக்கச் சம்பளத்தோடு நேரம். அதைப் பிடிப்பவனுக்கு முகமூடியும் பயிற்சியும். புது பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் ஆகும் செலவில் இது ஒரு சிறு பங்கே. இவற்றைக் கொடுத்த பிறகு தொழிலாளி அசட்டையாக இருந்தால் நிர்வாகம் கேட்கட்டும். நாமும் சேர்ந்து கேட்போம். கொடுக்காதவரை, கசிந்த தூளுக்குக் கணக்குச் சொல்ல வேண்டியவர் நிர்வாகத்தினரே.