இறுதிப் பந்தயத்துக்கு யார்?

சம்பா அறுப்பு ஓய்ந்துவிட்டால் பாகூர்ப் பக்கத்து வயல்கள் ஆட்டக் களங்களாகிவிடுகின்றன. நெல்லின் தாள் காலைக் குத்துவதைப் பொருட்படுத்தாமல், பிள்ளைகள் மூன்று குச்சிகளை நட்டு டென்னிஸ் பந்தில் கிரிக்கெட் ஆடத் தொடங்கிவிடுகிறார்கள். சென்ற மாசியில் அந்தப் பக்கத்துக் கிராமம் ஒன்றுக்கு நாம் போயிருந்தோம். பந்துக்களைப் பார்க்கப் போன நாம் பந்தைப் பார்க்கும்படி ஆயிற்று.

நான்கு கோஷ்டிகள் போட்டியிட்டன. வில்லியனூர்ப் பக்கத்திலிருந்து வந்த கோஷ்டி மூன்று ஆட்டங்களிலும் வென்று இறுதிப் பந்தயத்துக்குப் போய்விட்டது. அதை எதிர்த்து ஆடப் போவது யார் என்பதில்தான் வம்பு பிறந்தது. ஏரிக்கரைப் பிள்ளைகளும் கடைத்தெருப் பிள்ளைகளும் ஆளுக்கு ஒரு வெற்றி, ஒரு தோல்வி. அவர்கள் ஒருவரோடொருவர் மோத வேண்டிய ஆட்டத்தைப் பருவந் தப்பிய மழை கொண்டுபோய்விட்டது.

ஏரிக்கரையார் நான்காவது கோஷ்டியை 60 ஓட்டங்களில் மண்ணைக் கவ்வ வைத்தவர்கள். ஆனால் வில்லியனூராரிடம் 40 ஓட்டங்களில் தோற்றவர்கள். கடைத்தெருவாரோ நான்காவது கோஷ்டியை 3 ஓட்டங்களில் தட்டுத் தடுமாறி வென்றார்கள். வில்லியனூராரிடம் ஒரே ஓட்டத்தில் தோற்றார்கள். இவ்விருவரில் யாருக்கு யோக்கியதை அதிகம்?

கமிட்டியார் ஐவரும் வேப்ப மரத்தடியில் கூடினார்கள். ஏரிக்கரையில் சிக்ஸர் அடிப்பவர்கள் இருவர் இருப்பதால் கூட்டம் சேரும் என்று காரணம் கூறி, அவர்களையே அனுப்புவதாகத் தீர்மானித்தார்கள். கடைத்தெருக் கோஷ்டியில் பதினாறு வயதுப் பையன் ஒருவன், மட்டையைக் கட்டிக்கொண்டு விம்மி விம்மி அழுதான். "நீங்கள் பத்திரிகைக்காரர். நாலும் தெரிந்தவர். ஒரு நியாயம் சொல்லுங்கள், ஐயா!" என்று பெரியவர் ஒருவர் நம்மைப் பிடித்துக்கொண்டார். பத்திரிகைக்காரருக்கு நாலும் தெரியும் என்று நம்புகிறவர்கள் இன்னும் இருப்பதில் நமக்குப் பரம திருப்திதான். ஆனால் நியாயம் எங்கே இருக்கிறது என்று தேடுவதற்குள் நமக்கு வியர்த்துவிட்டது.

கமிட்டியாரைக் குறை கூறுமுன் ஒன்று நினைவுக்கு வருகிறது. அமெரிக்காவில் கலாசாலைகளின் கால்பந்து என்றால் தேசமே கிறுகிறுத்துப் போகும். அங்கே 2023-ஆம் ஆண்டில் ஃப்ளோரிடா ஸ்டேட் கலாசாலைக் கோஷ்டி 13 ஆட்டங்களிலும் வென்றது. இருந்தும் கடைசி நான்கு இடங்களில் ஒன்றுகூட அதற்குக் கிடைக்கவில்லை. அதன் முக்கிய ஆட்டக்காரர் காயமுற்றுவிட்டார், இனி அது பழைய கோஷ்டி அல்ல என்று கருதிய 13 பேர் கொண்ட கமிட்டி, ஒரு தோல்வி கண்டிருந்த அலபாமாவைத் தேர்ந்தெடுத்தது. பிறகு நடந்த வேறொரு பந்தயத்தில் ஃப்ளோரிடா ஸ்டேட் 63-க்கு 3 என்று படுதோல்வி அடைந்தது. "பார்த்தீர்களா, கமிட்டி சொன்னது சரி!" என்றார்கள் சிலர். "ஆட்டக்காரர்கள் பலர் விலகிக்கொண்ட பிறகு நடந்த ஆட்டம் எதற்குச் சாட்சி?" என்று கேட்டார்கள் வேறு சிலர். அந்தச் சர்ச்சைக்கு முடிவே இல்லை. ஆடாத ஆட்டத்தின் முடிவை யார்தான் சொல்ல முடியும்? அடுத்த ஆண்டு நான்கு இடங்களைப் பன்னிரண்டாக்கினார்கள். உடனே பதின்மூன்றாவது கோஷ்டியின் கண்ணீர் ஆரம்பமாயிற்று!

நம் தேசத்து ரஞ்சிக் கோப்பையைப் பாருங்கள். 2025 பிப்ரவரியில் புனாவில் நடந்த கால் இறுதியில் ஜம்மு-காஷ்மீர் 280 ஓட்டங்கள் எடுத்தது. கேரளம் கடைசி விக்கெட்டுக்கு 81 ஓட்டங்கள் சேர்த்து 281-ஐத் தொட்டது. ஆட்டம் வெற்றி தோல்வியின்றி முடியவே, முதல் இன்னிங்ஸில் முந்திய அந்த ஒற்றை ஓட்டம் கேரளத்தை அரை இறுதிக்கு ஏற்றிவிட்டது. ஆமதாபாத்தில் நடந்த அரை இறுதியிலும் அதே கதைதான். குஜராத்தின் கடைசி ஆட்டக்காரர் ஓங்கி அடித்த பந்து, அருகில் நின்றவரின் தலைக்கவசத்தில் பட்டு எகிறி மற்றொருவர் கையில் விழுந்தது. கேரளம் 457, குஜராத் 455. இரண்டு ஓட்டங்களில் இறுதிப் பந்தயம்! நாகபுரியில் நடந்த அந்த இறுதி ஆட்டமும் சமமாகவே முடிந்தது. ஆனால் இந்தத் தடவை முதல் இன்னிங்ஸில் விதர்பா 379, கேரளம் 342. கோப்பை விதர்பாவுக்குப் போயிற்று.

இரண்டு முறை ஏணியாக நின்ற விதியே மூன்றாம் முறை பாம்பாகிவிட்டது. ஒரு தலைக்கவசத்தின் புண்ணியத்தில் இறுதிப் பந்தயம் போவது யோக்கியதை ஆகுமா என்று கேட்கலாம். கேள்வி வாஸ்தவமானதுதான். ஆனால் பரமபத சோபனத்தில் எந்தக் கட்டத்தில் ஏணி, எந்தக் கட்டத்தில் பாம்பு என்பது தாயக் கட்டையை உருட்டுமுன்பே வரையப்பட்டிருக்கிறது. கட்டை உருண்ட பிறகு கமிட்டி கூடிப் பாம்பை இடம் மாற்றுவதில்லை.

பெயரையும் கூட்டத்தையும் பார்த்து யோக்கியதையை அளப்பதென்றால் புதுச்சேரிக்கு என்றைக்கு இடம் கிடைக்கும்? புதுச்சேரி ரஞ்சிக் கோப்பைக்குள் நுழைந்தது 2018-இல்தான். ஒன்பது புதிய கோஷ்டிகளை ஒரே பிரிவில் வைத்து, அவற்றில் ஒன்றுக்கு மட்டும் கால் இறுதி என்றார்கள். அந்த இடம் உத்தரகண்டுக்குப் போயிற்று. 2024 ஜனவரியில், ஏழு முறை கோப்பை வென்ற டில்லியை டில்லியிலேயே புதுச்சேரி ஒன்பது விக்கெட் வித்தியாசத்தில் வீழ்த்தியது. மரத்தடிக் கமிட்டி எதுவும் இதை முன்கூட்டிச் சொல்லியிராது. பத்து விக்கெட் வீழ்த்திய கௌரவ் யாதவ் மத்தியப் பிரதேசத்திலிருந்து வந்தவராயிற்றே, நம்மூர்ப் பிள்ளைகளுக்கு இடம் எங்கே என்று கேட்பவர்கள் உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். அதைத் தனியே ஒரு நாள் பேசவேண்டும்.

இந்த வட்டாரத்துக்கு விதியின் அருமை தெரியாததல்ல. வில்லியனூரை அடுத்த கீழூரில் 1954 அக்டோபர் 18-ஆம் தேதி மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி, இந்தியாவோடு இணைவதா என்று வாக்களித்தார்கள். இணைப்புக்கு 170, எதிராக 8. எண்ணும் முறையை முதலில் வகுத்தார்கள், பிறகுதான் எண்ணினார்கள். எவ்வளவு பெரிய விஷயத்துக்கே அது போதுமானதாயிருந்தது!

ஆகவே பெரியவரிடம் இவ்வளவுதான் சொன்னோம்: "சமமானால் என்ன செய்வது என்று முன்னமே எழுதி வைக்காதது கமிட்டியின் பிழை. அந்தப் பிழைக்குப் பிள்ளைகளைத் தண்டிக்க வேண்டாம். ஆடித் தீர்க்கக்கூடியதை மரத்தடியில் உட்கார்ந்து தீர்ப்பானேன்? மழைதான் விட்டுவிட்டதே!"

மறுநாள் காலை ஆறு மணிக்கு, ஈரம் காயாத களத்தில், தலைக்கு ஐந்து ஓவர் ஆடினார்கள். கடைத்தெருப் பிள்ளைகள் நான்கு ஓட்டங்களில் தோற்றார்கள். முதல் நாள் மரத்தடியில் தீர்மானித்த ஏரிக்கரையே இறுதிப் பந்தயத்துக்குப் போயிற்று. அப்படியானால் அந்த ஐந்து ஓவர்களால் என்ன பயன் என்று நேயர்கள் கேட்கலாம். அந்தப் பையன் மறுபடியும் அழுதான். அதை மறைக்க மாட்டோம். ஆனால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எதிர்க் கோஷ்டித் தலைவனின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, இறுதிப் பந்தயத்தைப் பார்க்க எல்லைக்கோட்டின் அருகே போய் உட்கார்ந்துகொண்டான். முதல் நாள் அவன் வீட்டுக்குப் புறப்பட்டு நின்றவன்.

அடுத்த தைக்குப் போட்டி நடத்த இருக்கும் கமிட்டியார்களுக்கு நம் விண்ணப்பம் ஒன்றே: பரிசுக் கோப்பையை வாங்குமுன் ஒரு முழுத்தாள் காகிதம் வாங்குங்கள்.